80 வயதில் கட்சி தொடங்கியவர்

1937-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி.

அன்று சேலம் ஜில்லாவில் ஒரு கள்ளுக்கடைகூடத் திறக்கவில்லை. சாராயக்கடையும் திறக்கவில்லை. முதல் நாள் வரை வியாபாரம் நடந்த கடைகள். விடிந்ததும் பூட்டுத் தொங்கியது.

அந்தக் காலத்துச் சேலம் ஜில்லா மிகப் பெரியது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் ஜில்லாக்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். வடக்கே ஓசூரில் இருந்து தெற்கே காவிரிக் கரை வரை ஒரே ஜில்லா. அவ்வளவு பெரிய ஜில்லாவில் ஒரே நாளில் மதுவிலக்கு வந்தது.

பூட்டுப் போடச் சொன்னவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. (முதல்-மந்திரியை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்.) அவர் சேலத்துக்கு அன்னியர் அல்ல. சேலம் கோர்ட்டில் வாதாடிப் பெயர் வாங்கிய வக்கீல். சேலம் நகரசபைக்குத் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டுப் பக்கம் குடிசையில் வாழ்ந்தவர்.

அவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். நாடு அவரை ராஜாஜி என்று அழைத்தது.

இதே ராஜாஜி 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 80 வயதில், ஒரு புதுக் கட்சி தொடங்கினார். மக்களுடைய வாழ்க்கையில் சர்க்கார் அதிகம் தலையிடக்கூடாது என்பதுதான் அந்தக் கட்சியின் முக்கியக் கொள்கை!

குடிகாரன் கையில் இருந்த கலயத்தைச் சர்க்காரைக் கொண்டு பிடுங்கியவர் அவர். சர்க்காரை விலகி நிற்கச் சொன்னவரும் அவரே. இரண்டும் எப்படி ஒரே மனிதர்? அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால்தான் அது விளங்கும்.

பழமைவாதி யார்?

ராஜாஜியைப் பழமைவாதி என்று சொன்னவர்கள் பலர். சிலர் அதைப் புகழ்ச்சியாகச் சொன்னார்கள். பலர் வசையாகச் சொன்னார்கள்.

அரசியலில் இடதுசாரி, வலதுசாரி என்று பேசுகிறோம் அல்லவா? அந்தப் பேச்சு பிரான்ஸ் நாட்டில் பிறந்தது. 1789-ல் அங்கே புரட்சி வெடித்தது. அப்போது கூடிய சபையில், அரசருடைய அதிகாரம் நீடிக்கவேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தார்கள். அதைக் குறைக்கவேண்டும் என்றவர்கள் இடது பக்கம் உட்கார்ந்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

பழமைவாதி என்றால் எதையுமே மாற்றாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய வீட்டை இடித்துத் தள்ளிப் புதிதாகக் கட்டவேண்டும் என்பவன் புரட்சிக்காரன். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றினால் போதும் என்பவன் பழமைவாதி.

இங்கிலாந்தில் ஒரு பெரிய கட்சி தன் பெயரிலேயே பழமைவாதத்தை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பழமைவாதிகள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியில் இருக்கிறார்கள். சர்க்கார் சிறிதாக இருக்கவேண்டும், வரி குறையவேண்டும், கோவிலும் குடும்பமும் நிலைக்கவேண்டும், ராணுவம் பலமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஏழையைக் கைதூக்கிவிடச் சர்க்கார்தான் முன்வர வேண்டும் என்பது எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்களின் வாதம்.

இந்தியாவில் எந்தப் பெரிய கட்சியும் தன்னைப் பழமைவாதக் கட்சி என்று பெயர் சூட்டிக்கொண்டது இல்லை. அதற்கு மிக நெருங்கி வந்தது ராஜாஜியின் சுதந்திராக் கட்சி ஒன்றுதான்.

தொரப்பள்ளிச் சிறுவன்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். ராஜாஜி அங்கே 1878-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தார். தகப்பனார் அந்தக் கிராமத்தின் முன்சீப். வசதியான குடும்பம் அல்ல. வைதீகமான ஐயங்கார் குடும்பம். அவர் பிறந்த ஓட்டு வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது.

ஓசூர்ப் பள்ளிக்கூடம், பெங்களூர்க் கல்லூரி, சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். கிரிமினல் வழக்குகளில் அவருக்குப் பேர் வந்தது. பணமும் வந்தது.

1897-லேயே கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி அலர்மேலு மங்கம்மாள். மூன்று ஆண், இரண்டு பெண், ஆக ஐந்து குழந்தைகள். 1916-ல் அந்த அம்மாள் இறந்துபோனார். அப்போது ராஜாஜிக்கு வயது 37. அந்தக் காலத்தில் அந்த வயதில் இரண்டாம் தாரம் கட்டுவது சர்வ சாதாரணம். அவர் கட்டவில்லை. குழந்தைகளைத் தாமே வளர்த்தார்.

இரண்டு தலைவர்கள்

1917-ல் ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவர் ஆனார். இரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் சேலம் நகரசபைக்குள் முதன்முதலாக உறுப்பினராக நுழைந்தது அப்போதுதான். அதற்குக் காரணமாக இருந்தவர் ராஜாஜி.

அதோடு நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சேலத்து வைதீகர்கள் கொதித்தார்கள். அவரைச் சாதியைவிட்டு ஒதுக்கினார்கள். ராஜாஜி தம்முடைய நாமத்தை அழிக்கவில்லை, கீதை படிப்பதை விடவில்லை. சாப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

காவிரிக்கு இந்தப் பக்கம் சேலம். அந்தப் பக்கம் ஈரோடு. ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகரசபைக்கு ஒரு வியாபாரி தலைவராக இருந்தார். அவர் ஈ.வே.ராமசாமி. பிற்காலத்துப் பெரியார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். ஒருவர் ஆத்திகர், மற்றவர் நாத்திகர். கடைசிவரை அரசியலில் எதிரிகள். கடைசிவரை நண்பர்கள். இந்த நட்பை இந்தக் கதையின் முடிவில் மறுபடி பார்ப்போம்.

1919-ல் ராஜாஜி சென்னைக்குக் குடிபோனார். அந்த மார்ச் மாதம் காந்திஜி அவருடைய வீட்டில் தங்கினார். ரவுலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தும் யோசனை அந்த வீட்டில்தான் காந்திஜிக்கு உதித்தது. மறு ஆண்டு காந்திஜி ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார். பெரிய வருமானம் ஒரே நாளில் நின்றது.

1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். மூன்று மாதம். அங்கே ஒரு டயரி எழுதினார். அதில் ஒரு பக்கம் இன்றும் படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். சுயராஜ்யம் வந்தவுடன் சுகம் வந்துவிடாது என்று அவர் அன்றே எழுதிவைத்தார். தேர்தலும் அதனால் விளையும் ஊழலும், அநீதியும், பணக்காரர்களின் செருக்கும், திறமையற்ற நிர்வாகமும் மக்களை வாட்டும் என்றார். பழைய ஆட்சியே தேவலை என்றுகூடச் சிலர் ஏங்குவார்கள் என்றார். மக்களுக்குக் கல்வியும் ஒழுக்கமும் பரவினால்தான் விடிவு என்றார்.

நினைத்துப் பாருங்கள். சுயராஜ்யத்துக்காகச் சிறையில் இருக்கிறார். அந்தச் சிறையிலேயே சுயராஜ்யத்தைப் பற்றிச் சந்தேகப்படுகிறார். சர்க்காரை யார் நடத்தினாலும் அதை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே இருந்தது.

அடுத்த ஆண்டு காங்கிரஸ் இரண்டாகப் பிரிந்தது. சட்டசபைக்குப் போகலாம் என்று ஒரு கோஷ்டி. போகக்கூடாது, காந்திஜி சொன்ன வழியை மாற்றக்கூடாது என்று இன்னொரு கோஷ்டி. இரண்டாவது கோஷ்டிக்கு மாறுதல் வேண்டாதவர்கள் என்று பெயர். அதற்குத் தலைவர் ராஜாஜி!

புதுப்பாளையத்துக் குடிசை

1925-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். ஊர் ஜமீன்தார் நிலம் கொடுத்தார். ராஜாஜி தம் பிள்ளைகளோடு அங்கே குடிசையில் குடியேறினார்.

அந்தப் பக்கத்துப் பூமி மானாவாரிப் பூமி. சோளமும் கம்பும் நிலக்கடலையும் ஆமணக்கும் விளையும். மழை பொய்த்தால் ஒன்றும் விளையாது. கிணறு வைத்திருப்பவன் மாடு கட்டிக் கவலை இறைத்து நாலு செண்டு நனைப்பான். மற்றவர்கள் கூலிக்கு அலைவார்கள்.

ஆசிரமம் அவர்களுக்கு ராட்டை கொடுத்தது. பெண்கள் நூல் நூற்றார்கள். அந்த நூலை நெசவாளர்கள் கதராக நெய்தார்கள். பஞ்ச காலத்தில் அந்த நூற்புக் கூலியே பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது. சாதி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஆசிரமத்தில் ஒன்றாக உண்டார்கள், உறங்கினார்கள்.

அந்த ஊர்களில் ராஜாஜி ஒன்றைக் கண்ணால் கண்டார். சனிக்கிழமைக் கூலி சந்தைக்குப் போவதற்குள் கள்ளுக்கடைக்குப் போய்விடுகிறது. ராட்டையில் பெண் சம்பாதிப்பதை மரத்தடியில் ஆண் குடித்துவிடுகிறான். இதைப் போக்க 1929-ல் விமோசனம் என்ற பத்திரிகையை ஆசிரமத்தில் இருந்து வெளியிட்டார். முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை. அதில் அவருக்குத் துணையாக வேலை செய்த இளைஞர் ஒருவர் உண்டு. அவர்தான் பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர் கல்கி.

1930-ல் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகம். திருச்சியில் இருந்து சுமார் நூறு தொண்டர்களோடு ராஜாஜி நடந்தார். 150 மைல். வழிநடைப் பாட்டை எழுதியவர் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை. அதனாலேயே அவர் நாமக்கல் கவிஞர் என்று தமிழ்நாடு முழுவதும் அறிமுகமானார்.

ராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்திஜியின் மகன் தேவதாசும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பெண் பிராமணர், பிள்ளை வைசியர். தகப்பனார் இருவரும் ஐந்து ஆண்டு பிரிந்து இருக்கச் சொன்னார்கள். மனம் மாறுகிறதா என்று பார்க்கலாம் என்று நினைத்தார்கள். மாறவில்லை. 1933-ல் பூனாவில் கல்யாணம் நடந்தது. அவசரப்படவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ராஜாஜியின் சுபாவம் முழுவதும் இந்த ஒரு கல்யாணத்தில் தெரிகிறது.

கடைக்குப் பூட்டு

1937 ஜூலையில் ராஜாஜி மாகாணப் பிரதம மந்திரி ஆனார். இரண்டரை மாதத்துக்குள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. முதலில் சேலத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. அவருக்குத் தெரிந்த ஜில்லா. அவருக்குத் தெரிந்த குடிசைகள்.

அமெரிக்கா முழுவதும் 1920-ல் மதுவிலக்கு கொண்டுவந்தார்கள். கள்ளக் கடத்தல் பெருகியது. 1933-ல் கைவிட்டார்கள். அது நடந்து நாலே ஆண்டு. உலகத்தின் பணக்கார நாட்டால் முடியாத காரியத்தைச் சேலத்தில் தொடங்க ஒருவர் துணிந்தார்.

கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் மகிழ்ந்தார்கள். மரம் ஏறிப் பிழைத்தவர்களோ திகைத்தார்கள். கள் இறக்குவது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த தொழில். வேறு பிழைப்புக்கு மாறுவது லேசான காரியம் அல்ல. இந்தக் கஷ்டத்தையும் சொல்லவேண்டும்.

மதுவிலக்கு அடுத்தடுத்துச் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்குப் பரவியது. சர்க்காருக்கு வரும்படி குறைந்தது. ஈடுகட்ட என்ன வழி? 1939-ல் விற்பனை வரி போட்டார் ராஜாஜி. வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். பிறகு மற்ற மாகாணங்களும் அந்த வரியைப் பின்பற்றின. 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை ராஜ்ய சர்க்கார்களுக்குப் பெரிய வருமானம் அந்த வரிதான். குறைந்த வரி வேண்டும் என்று பின்னாளில் பேசிய கட்சியின் தலைவர்தான் இந்த வரிக்கும் தகப்பனார்!

1938-ல் விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. பழைய கடன்களுக்கு நிலுவை வட்டி தள்ளுபடி. நூறு ரூபாய் கடன் வாங்கியவன் வட்டியும் முதலுமாக இருநூறு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது. எழுதிக் கொடுத்த பத்திரத்தைச் சட்டம் போட்டு மாற்றுவது பழமைவாதி செய்கிற காரியமா? கடன்காரக் குடியானவனைத் தொரப்பள்ளியிலும் புதுப்பாளையத்திலும் பார்த்தவர் அவர். செய்தார்.

1939-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். ராஜாஜி சர்க்கார் உடனே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

ஆனால் அதே மந்திரிசபை ஒரு பெருந்தவறும் செய்தது. 1938-ல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயப் பாடம் ஆக்கியது. தமிழ்நாடு எழுந்தது. ஈரோட்டு நண்பர் தலைமை தாங்கினார். நண்பரையே ராஜாஜி சர்க்கார் சிறையில் தள்ளியது. ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு வாலிபர்கள் 1939-ல் காவலில் இருந்தபோது உயிர் இழந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் யுத்தம் காரணமாகக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. 1940-ல் கட்டாய இந்தி ரத்து ஆனது. தாய்மொழி என்பது வீட்டுக்குள் இருக்கிற பொருள். அதில் கை வைத்தது தவறு என்று ராஜாஜிக்கே பின்னால் தெரிந்திருக்க வேண்டும். 1958-ல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து முன்னணியில் நின்றவர்களில் அவர் ஒருவர்.

அரை நாள் பள்ளிக்கூடம்

நாட்டுப் பிரிவினைப் பிரச்சினையில் காங்கிரசோடு பிணங்கியது, மேற்கு வங்காள கவர்னர் ஆனது, 1948-ல் இருந்து 1950 வரை இந்தியாவின் கவர்னர்-ஜெனரலாக இருந்தது, டெல்லியில் உள்துறை மந்திரி ஆனது எல்லாம் பெரிய கதைகள். கவர்னர்-ஜெனரல் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். இங்கே நமக்கு வேண்டியது 1952.

அந்த ஆண்டுத் தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரசுக்கு மெஜாரிட்டி கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 தான். 73 வயது ராஜாஜியைக் கூப்பிட்டார்கள். அவர் தேர்தலில் நிற்காமல் மேல்சபை நியமன உறுப்பினராகி முதல்-மந்திரி ஆனார். கொல்லைப்புறமாக நுழைந்தார் என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. கண்டனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

யுத்த காலம் முதல் அரிசிக்கு ரேஷன் இருந்தது. ஓர் இடத்து நெல்லை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக அதிகாரி உத்தரவு வேண்டும். ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் எடுத்தார். பஞ்சம் வரும் என்று பலர் பயந்தார்கள். வரவில்லை. பதுக்கிய அரிசி கடைக்கு வந்தது. மக்கள் வாழ்த்தினார்கள்.

வேட்டி, சேலை இரண்டையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்றும் அவர் மத்திய சர்க்காரிடம் வாதாடினார். சேலத்து நெசவாளருக்கு அது இனித்தது. மில் முதலாளிகளுக்குக் கசந்தது.

1953-ல் ஒரு புதுக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மிச்ச நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைப் பழகவேண்டும். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் போதவில்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. கைத்தொழிலுக்கு மதிப்பு வரும் என்பது அவர் நம்பிக்கை.

ஆனால் அதைக் கேட்ட தகப்பனுக்கு வேறு விதமாகப் பட்டது. செருப்புத் தைக்கிறவன் பிள்ளை செருப்புத் தைக்கவேண்டும். சவரம் செய்கிறவன் பிள்ளை சவரம் செய்யவேண்டும். இதற்குத்தானா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம்? குலக்கல்வி என்று பெயர் சூட்டினார்கள். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின. காங்கிரசுக்குள் காமராஜரும் எதிர்த்தார். சட்டசபையில் ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் சம ஓட்டு விழுந்தது.

1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். காமராஜர் முதல்-மந்திரி ஆனார். திட்டம் குப்பைக்கூடைக்குப் போனது.

ராஜாஜியின் எண்ணம் தீயது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முன்னோர் தொழில் என்பது அக்கிரகாரத்தில் இருந்து பார்த்தால் ஒரு மாதிரி தெரியும், சேரியில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பழைய வீட்டின் சுவர் நல்ல சுவர்தான் என்று அவர் நம்பினார். அந்தச் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அது சுவராக மட்டும்தான் தெரிந்தது. சேலத்தில் தாழ்த்தப்பட்டவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவருக்கு இது தோன்றாமல் போனதுதான் வருத்தம்.

நட்சத்திரக் கட்சி

இனி ஓய்வுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ராஜாஜி ராமாயணமும் பாரதமும் எழுதினார். சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்கு 1958-ல் சாகித்திய அக்காதமி பரிசு கிடைத்தது.

1959 ஜனவரியில் நாகபுரியில் காங்கிரஸ் கூடியது. கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. அதாவது ஊரில் உள்ள சிறு நிலங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கவேண்டும். எல்லோரும் சேர்ந்து உழவேண்டும். நிலம் உன் பேரில் இருக்கும். ஆனால் என்ன பயிர் வைப்பது என்று நீ மட்டும் முடிவு செய்ய முடியாது.

ராஜாஜி துள்ளி எழுந்தார். கவலை இறைத்துத் தன் கிணற்றுத் தண்ணீரைத் தன் காட்டுக்குப் பாய்ச்சுகிறவனை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கிணறு அவன் பாட்டன் வெட்டியது. நிலத்தின் மேல் பாசம் இருப்பதால்தான் அவன் விடியற்காலையில் எழுந்திருக்கிறான். அந்தப் பாசத்தை எடுத்துவிட்டால் விளைச்சலும் போகும், குடும்பமும் போகும் என்பது அவர் வாதம்.

1959 ஜூன் 4-ந் தேதி சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. ஆந்திர விவசாயிகளின் தலைவர் ரங்கா கட்சித் தலைவர். பம்பாய் மசானி பொதுச் செயலாளர். சின்னம் நட்சத்திரம். தொழில் தொடங்க லைசென்ஸ், சரக்கு வாங்க பெர்மிட், நூலுக்கும் இரும்புக்கும் கோட்டா என்று எதற்கெடுத்தாலும் அதிகாரி வாசலில் நிற்கவேண்டி இருந்த காலம் அது. இதற்கு பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்று ராஜாஜி பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஜமீன்தார்களும் பழைய மகாராஜாக்களும் பணக்காரர்களும் கட்சியில் சேர்ந்தார்கள். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962-ல் அந்தக் கட்சியில் நின்று பெரும் வெற்றி பெற்றார். இது சீமான்கள் கட்சி என்று காங்கிரஸ் கேலி செய்தது. கேலி முழுப் பொய் அல்ல. கிணற்றடிக் குடியானவனுக்காகத் தொடங்கிய கட்சியில் அரண்மனைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஆனாலும் கட்சி வளர்ந்தது. பார்லிமெண்டில் 1962-ல் 18 இடம். 1967-ல் 44 இடம். பெரிய எதிர்க்கட்சி அதுதான். கூட்டுப் பண்ணைத் திட்டம் நாட்டில் வேரூன்றவே இல்லை.

வெள்ளை மாளிகையில்

1962 செப்டம்பர். ராஜாஜிக்கு வயது 83. கதர் வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கைத்தடி. அமெரிக்கா போய் ஜனாதிபதி கென்னடியை வெள்ளை மாளிகையில் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளத்தான் போனார்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த நாளில் அமெரிக்கப் பழமைவாதிகளின் தலைவர் கோல்டுவாட்டர். சர்க்கார் சிறிதாக இருக்கவேண்டும் என்பதில் அவரும் ராஜாஜியும் ஒரே கட்சி. ஆனால் 1963-ல் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் அமெரிக்க செனட் சபைக்கு வந்தபோது கோல்டுவாட்டர் எதிர்த்து ஓட்டுப் போட்டார். ராஜாஜியோ அதே சோதனைகளை நிறுத்தச் சொல்லிக் கடல் கடந்து போனவர். கோல்டுவாட்டர் 1964-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தார். அவருடைய கொள்கையைப் பேசிய ரீகன் 1980-ல் ஜெயித்தார். பழமைவாதம் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் அது பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றது. இங்கே அது ராட்டைக்குப் பக்கத்தில் இருந்து வந்தது.

மழையில் வந்தவர்

1967 தேர்தலில் ராஜாஜி தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தார். பிராமண எதிர்ப்பில் பிறந்த கட்சி, பிராமணப் பெரியவரின் கட்சி. ஊர் வியந்தது. காங்கிரஸ் தோற்றது. அண்ணா முதல்-மந்திரி ஆனார். சென்னைச் சட்டசபையில் சுதந்திராக் கட்சிக்கு 20 இடம் கிடைத்தது. ஆனால் தி.மு.க.வுக்குத் தனி மெஜாரிட்டி வந்துவிட்டதால் துணை தேவைப்படவில்லை.

1971-ல் பழைய எதிரி காமராஜரோடு ஒரே மேடையில் நின்றார். தோல்வி. பார்லிமெண்டில் கட்சிக்கு மிஞ்சியது 8 இடம்.

அந்த ஆண்டு ஜூலை மாதம். மதுவிலக்கைத் தளர்த்தப் போவதாகச் செய்தி வந்தது. 92 வயது ராஜாஜி கொட்டுகிற மழையில் முதல்-மந்திரி கருணாநிதியின் வீட்டுக்குப் போனார். கடையைத் திறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வேறு எந்தப் பொருளிலும் சர்க்கார் விலகி நிற்கவேண்டும் என்றவர், இந்த ஒன்றில் மட்டும் சர்க்கார் விலகக்கூடாது என்று கேட்டு வந்து நின்றார்.

ஆகஸ்டு 30-ந் தேதி மதுவிலக்கு தளர்ந்தது. பிறகு 1974-ல் கடைகளை மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 2003 முதல் சர்க்காரே கடை வைத்து விற்கிறது.

லைசென்ஸ் ராஜ்யத்தைப் பெரும்பகுதி கலைத்தது 1991-ல். கலைத்தது காங்கிரஸ் சர்க்கார். அதைப் பார்க்க ராஜாஜியும் இல்லை, அவர் கட்சியும் இல்லை. கட்சி 1974-ல் வேறு கட்சியோடு கலந்து மறைந்தது.

ராஜாஜி 1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 94.

மறுநாள் சுடுகாட்டுக்குச் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் வந்தார். வெண்தாடி. கறுப்புச் சட்டை. கட்டாய இந்தியை எதிர்த்து இவர் சர்க்காரால் சிறைக்குப் போனவர். குலக்கல்வியை எதிர்த்து இவரைப் பதவியில் இருந்து இறங்கச் செய்தவர். ஈரோட்டு நகரசபைத் தலைவர், சேலத்து நகரசபைத் தலைவரின் சிதைக்கு எதிரே உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி பெரியாரும் கண்ணை மூடினார்.